மேலே அளக்கிறார்கள்... கீழே சொல்கிறார்களா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கச் செயலாளர் அண்ணன், "கவிதை மட்டும் வேணாம்டா தம்பி, நாப்பது கவிதை வந்து கிடக்குது" என்று சேர்த்தே சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கவிதையும் வராது. ஆகவே சர்வே பிராக்டிகல் ஆரம்பித்த நாளிலிருந்து என் மண்டையைக் குடைந்து கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை என் சிறு அறிவுக்கு எட்டிய வரையில் எழுதுகிறேன். தவறு இருந்தால் மூத்த மாணவர்களும் ஆசிரியர்களும் திருத்துங்கள்.

2025 ஜூலை 30-ஆம் தேதி மாலை 5.40-க்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. எஃப்-16 ராக்கெட் கிளம்பியது. அதில் போனது நிசார் என்ற செயற்கைக்கோள். நம் இஸ்ரோவும் அமெரிக்க நாசாவும் சேர்ந்து செய்தது. கலவை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நண்பனுடைய செல்போனில் நாலு பேர் தலையை நீட்டிப் பார்த்தோம். ராத்திரி வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "747 கிலோ மீட்டர் மேலருந்து தரை எவ்ளோ ஏறுது, எவ்ளோ இறங்குதுன்னு சென்டிமீட்டர் கணக்குல அளக்கும்பா." டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை முடித்து வந்து காலைக் கழுவிக் கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "தரைய அளக்கறதா? தரை இன்னா நடந்தா போவுது, அளக்கறதுக்கு?" என்றார்.

நடக்கத்தான் நடக்கிறது. அது நன்றாகத் தெரிகிற இடம் எரிமலை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எரிமலை வெடிப்பதற்கு முன் பூமிக்கு அடியில் சில கிலோ மீட்டர் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு வந்து சேர்கிறது. சேரச் சேர மேலே உள்ள தரை உப்புகிறது. பூரி மாதிரி உப்பும் என்று நினைக்க வேண்டாம். பல கிலோ மீட்டர் அகலத்துக்கு ஒரு சாண் உயர்ந்தாலே பெரிது. அங்கேயே நிற்கிறவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குழம்பு வெளியே வந்துவிட்டால் தரை மறுபடி இறங்கும். பக்கவாட்டில் பாறையைப் பிளந்து கொண்டு ஓடினால் நடுவில் தாழ்ந்து இரண்டு பக்கமும் ஏறும். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி, தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்தால் அடியில் என்ன நடக்கிறது என்று ஓரளவு சொல்லலாம்.

முன்னெல்லாம் இதை எப்படி அளந்தார்கள்? நாம் அளக்கிற மாதிரியேதான். லெவல் கருவியை நிறுத்தி, ஒருவன் ஸ்டாஃபைப் பிடித்து, பேக் சைட்டு, ஃபோர் சைட்டு எடுத்து ஃபீல்டு புக்கில் எழுதிக் கொண்டே மலை மேல் ஏறினார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்சுவோலி என்று ஓர் ஊர். ஊரே ஒரு பெரிய எரிமலைப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரோமானியர் காலத்து மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் நடுப்பகுதியில் கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள்! தரை கடலுக்குள் இறங்கி, அப்புறம் மேலே ஏறியதற்கு அந்தத் தூண்களே ஸ்டாஃப் மாதிரி சாட்சி. 1982-லிருந்து 1984-க்குள் அந்த ஊர்த் தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது, படகுத்துறை தண்ணீரை விட்டு மேலே போய்விட்டது. பல்லாயிரம் பேரை வீடு காலி பண்ண வைத்தார்கள். கடைசியில் எரிமலை வெடிக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஸ்டாஃப் பிடித்துக் கொண்டு புகைகிற மலை மேல் ஏறுவது எத்தனை பேரால் முடியும்? உலகத்தில் எத்தனை எரிமலைக்கு அப்படி ஆள் வைக்க முடியும்? இங்கேதான் ரேடார் வருகிறது.

சாதாரண காமிராவுக்கு வெளிச்சம் வேண்டும், மேகம் இருக்கக் கூடாது. ரேடார் தானே அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பி வருவதைத் தானே வாங்குகிறது. ராத்திரி, மேகம், புகை எதுவும் தடையில்லை. சரி, எழுநூறு கிலோ மீட்டருக்கு மேலே இருந்து கொண்டு ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் புரிந்து கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. கடைசியில் சைக்கிள் சக்கரம்தான் உதவியது.

ஒரு சக்கரத்தை மேலிருந்து தரை வரை உருட்டி, திரும்ப மேலே உருட்டிக் கொண்டு வருவதாக வைத்துக் கொள்ளுங்கள். எத்தனை சுற்று என்று எண்ண முடியாது. ஆனால் திரும்பி வந்து நிற்கும்போது வால்வு மேலே இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்க்கலாம் அல்லவா? பன்னிரண்டு நாள் கழித்து அதே இடத்திலிருந்து மறுபடி உருட்டுகிறோம். இந்தத் தடவை வால்வு வேறு இடத்தில் நிற்கிறது. அப்படின்னா தூரம் மாறியிருக்கிறது! ரேடார் அலைதான் அந்தச் சக்கரம். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். போய்த் திரும்புவதால் தரை 2.8 சென்டிமீட்டர் நகர்ந்தாலே சக்கரம் ஒரு முழுச் சுற்று மாறிவிடும். இரண்டு நாள் எடுத்த இரண்டு படங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்துக் கழித்தால் மலையைச் சுற்றி வண்ண வளையங்கள் வரும். ஒரு வளையம் என்றால் 2.8 சென்டிமீட்டர். வளையத்தை எண்ணினால் தரை எவ்வளவு உப்பியது என்று கணக்கு வந்துவிடும். கோலம் போட்ட மாதிரி அழகாகத்தான் இருக்கும்.

இந்த முறையை உலகத்துக்குக் காட்டியது எரிமலை அல்ல, பூகம்பம். 1992-இல் கலிபோர்னியாவில் லேண்டர்ஸ் என்ற இடத்தில் நடந்த பூகம்பத்தின் வளையப் படத்தை 1993-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அவர்களே 1995-இல் இத்தாலியின் எட்னா எரிமலை, குழம்பைக் கக்கிய பிறகு காற்றிறங்கிய மாதிரி தாழ்ந்ததைக் காட்டினார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள், அந்தத் தாழ்வில் ஒரு பகுதி நிஜமில்லை, காற்றிலிருந்த ஈரப்பதம் அலையைத் தாமதப்படுத்தியதால் வந்தது என்று திருத்தினார்கள். பெரிய விஞ்ஞானிகளுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு ரீடிங் தப்பாக வந்தால் சார் இவ்வளவு கோபப்பட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து!

நம் நாட்டில் எரிமலை உண்டா? உண்டு. அந்தமான் கடலில் பாரன் தீவு. முன்பு போர்ட் பிளேர் என்று இருந்து 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோ மீட்டர். தீவு சுமார் மூன்று கிலோ மீட்டர் அகலம்தான், ஆனால் கடல் அடித்தரையிலிருந்து பார்த்தால் இரண்டு கிலோ மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலை. வெளியே தெரிவது உச்சந்தலை மட்டும். 1787-இல் அது நெருப்பு கக்கியதைக் கப்பலில் போனவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிப் போய், நூறு வருஷத்துக்கு மேல் தூங்கி, 1991-இல் மறுபடி எழுந்தது. 2017 ஜனவரியில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 'சிந்து சங்கல்ப்' கப்பலில் பக்கத்தில் போயிருந்தபோது அவர்கள் கண் முன்னாலேயே சாம்பல் கக்கியது. 2025 செப்டம்பரில் 13-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் சிறிதாக வெடித்தது.

ஆனால் அங்கே ஆள் இல்லை. குடியிருப்பு கிடையாது, அனுமதியில்லாமல் இறங்கவும் கூடாது. கருவி நட்டால் குழம்பு மூடிவிடும். பாரன் தீவு மாதிரி இடத்துக்கு ரேடார் செயற்கைக்கோளை விட நல்ல காவல்காரன் கிடையாது. தீவு ஒரு சாண் உப்பினால் விஞ்ஞானிக்குத் தெரிந்தால் போதும். கப்பலுக்கும் விமானத்துக்கும் எச்சரிக்கை போனால் போதும்.

மனிதன் குடியிருக்கிற தரை உப்பினால்? அங்கேதான் என் கேள்வி ஆரம்பிக்கிறது. அளந்து விட்டார்கள், சரி. அளந்ததை யாரிடம் சொல்கிறார்கள்?

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் என்ற பனி மூடிய எரிமலை. 1985-இல் அது பல மாதம் புகைந்தது. எந்தப் பக்கம் ஆபத்து வரும் என்று விஞ்ஞானிகள் வரைபடமே போட்டு அக்டோபரில் கொடுத்துவிட்டார்கள். ஆர்மெரோ என்ற ஊர் அந்த ஆபத்துப் பகுதியில் இருந்தது. நவம்பர் 13 இரவு 9 மணி சுமாருக்கு மலை வெடித்தது. பெரிய வெடிப்புகூட இல்லை. உருகிய பனியும் சேறும் பள்ளத்தாக்கில் இறங்கி ஆர்மெரோவை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! கலவையிலிருந்து நடந்தாலே எவ்வளவு தூரம் போகலாம்? பக்கத்து மேட்டில் ஏறியிருந்தால் போதும். பதறாதீர்கள், வீட்டிலேயே இருங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த இரவில் சுமார் 23,000 பேர் செத்தார்கள். அளவு இருந்தது, வரைபடம் இருந்தது. ஜனங்களிடம் வந்து சேரவில்லை.

இப்போது இன்னொரு ஊர். ஐஸ்லாந்தில் கிரிண்டாவிக் என்ற மீன்பிடி ஊர், சுமார் 3,800 பேர். 2023 நவம்பர் 10-ஆம் தேதி குழம்பு பூமிக்குள் பக்கவாட்டில் ஓடி ஊருக்கு அடியிலேயே வந்தது. பூகம்ப அதிர்வுகள், தரையில் நட்ட ஜி.பி.எஸ். கருவிகள், ரேடார் படங்கள் எல்லாம் சேர்ந்து இதைச் சொல்லின. அன்று ராத்திரியே ஊரைக் காலி செய்தார்கள். ஊரின் ஒரு பகுதி ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. குழம்பு மேலே வந்தது டிசம்பர் 18-ஆம் தேதிதான். 2024 ஜனவரி 14-இல் ஊர் ஓரத்தில் தரை பிளந்து மூன்று வீடுகள் எரிந்தன. உள்ளே ஆள் இல்லை. அந்த நாட்டு வானிலை அலுவலகம் தரை எவ்வளவு தாழ்ந்தது, குழம்பு எங்கே இருக்கலாம் என்று வரைபடத்தோடு இணையத்தில் போட்டுக் கொண்டே இருந்தது. தப்பானால் மறுநாள் திருத்திப் போட்டது. வீடு இழந்தவன் தன் வீட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தானே பார்க்க முடிந்தது.

"அது பணக்கார நாடு, ஜனம் கம்மி" என்று சொல்வீர்கள். வாஸ்தவம்தான். நம் நாட்டுக்கே வருவோம். நம் நாட்டில் ஜனங்கள் வாழ்கிற எரிமலை இல்லை. ஆனால் அதே ரேடார், அதே வளையப் படம் நம் மலைகளையும் நகரங்களையும் அளக்கிறது. உத்தரகாண்டில் ஜோஷிமத். பழைய நிலச்சரிவு மண் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். அங்கே கனமான கட்டுமானம் கூடாது என்று மிஸ்ரா கமிட்டி 1976-லேயே எச்சரித்தது. 2023 ஜனவரி முதல் வாரத்தில் வீடுகள் விரிசல் விட்டு, எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதிக்கப்பட்டன. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ரேடார் படங்களை வைத்துக் கணக்குப் போட்டது. 2022 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை ஏழு மாதத்தில் சுமார் 9 சென்டிமீட்டர் இறக்கம். 2022 டிசம்பர் 27-லிருந்து 2023 ஜனவரி 8 வரை வெறும் 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் இறக்கம். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வானத்திலிருந்து அளந்து ஓர் ஏழை வீட்டின் விரிசலுக்குக் கணக்கு சொல்கிறார்களே என்று.

அந்த அறிக்கை எத்தனை நாள் வெளியே இருந்தது தெரியுமா? இரண்டு மூன்று நாள்தான்! விஞ்ஞான நிறுவனங்கள் ஆளாளுக்குத் தகவல் சொல்வதால் ஜனங்களிடையே குழப்பம் வருகிறது, பத்திரிகையிடம் பேச வேண்டாம், சமூக வலைத்தளத்தில் தகவல் போட வேண்டாம் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஜனவரி 13-ஆம் தேதி கடிதம் அனுப்பியது. இஸ்ரோ அறிக்கை இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. பல நிறுவனங்கள் செய்த ஆய்வுகள் மாதக் கணக்கில் பூட்டியே கிடந்தன. ஏன் மறைக்கிறீர்கள் என்று உத்தரகாண்ட் ஐகோர்ட்டு கேட்ட பிறகு அந்த செப்டம்பரில்தான் வெளியே வந்தன.

குழப்பம் வருமாம். நண்பர்களே, சுவர் பிளந்த வீட்டில் ராத்திரி படுத்திருப்பவனுக்கு இனிமேல்தான் குழப்பம் வர வேண்டுமா?

நான் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதற்காக எதிர்க் கட்சி வாதத்தையும் வைக்கிறேன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலாவது, ரேடார் கணக்கு தப்பலாம். காற்றின் ஈரம், செடி கொடி, பனி எல்லாம் அலையைக் குழப்பும். ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் அது சொல்லும் நகர்வு நேர் கீழ் இறக்கம்தானா, பக்கவாட்டு நகர்வா என்று ஒரே படத்தில் பிரிக்க முடியாது. இரண்டாவது, தரை உப்பினால் எல்லா எரிமலையும் வெடிப்பதில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியட் பிக்ஸ் அம்மையாரும் மற்றவர்களும் 2014-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 18 வருஷமாக ரேடாரில் பார்த்த 198 எரிமலைகளில் 54-இல் தரை நகர்ந்தது. அந்த 54-இல் வெடித்தவை 25. பாதிக்கும் குறைவு. தரை நகராத 144-இல் வெடித்தவை ஒன்பது. ஆக, தரை நகரவில்லை என்றால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். நகர்ந்தால் கவலைப்படலாம், ஆனால் முடிவாகச் சொல்ல முடியாது. மூன்றாவது, வீண் பீதி. பொட்சுவோலியில் வெடிக்கவில்லை என்று சொன்னேனே, அதே மாதிரி 1976-இல் குவாடலூப் தீவில் எழுபதாயிரம் பேருக்கு மேல் மாதக் கணக்கில் வெளியேற்றி வைத்தார்கள். விஞ்ஞானிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக் கொண்டதுதான் மிச்சம், எதிர்பார்த்த பெரிய வெடிப்பு வரவில்லை. அந்த ஜனங்கள் பிழைப்பு கெட்டு நின்றிருப்பார்கள் இல்லையா? கூலி வேலைக்குப் போகிற வீட்டில் பிறந்த எனக்கு ஒரு நாள் வேலை போனால் என்ன ஆகும் என்று தெரியும்.

இத்தனையும் ஒப்புக் கொள்கிறேன். ஆனால் இதற்கு மருந்து மறைப்பதா? தப்பு வரலாம் என்றால், 'இது முதல் கணக்கு, இவ்வளவு கூடலாம் குறையலாம்' என்று அந்த ஊர்ப் பாஷையில் எழுதிப் போட வேண்டியதுதானே? அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் 'மூன்று சகோதரிகள்' என்ற எரிமலைக் கூட்டம். அதற்குப் பக்கத்தில் தரை நாலைந்து வருஷத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் உப்பியிருப்பதை ரேடார் படத்தில் 2001-இல் கண்டார்கள். அதுவரை அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை. அந்த நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறை அதே வருஷம் வெளிப்படையாக அறிவித்தது. உப்பியிருக்கிறது, உடனே வெடிக்கும் என்று சொல்ல ஆதாரமில்லை, கருவி கூடுதலாக வைக்கிறோம் என்று. இன்று வரை வெடிக்கவில்லை. அதனால் ஒன்றும் ஊர் பைத்தியமாகிவிடவில்லை. அரைகுறையாகத் தெரிந்ததை அரைகுறை என்றே சொன்னால் ஜனங்களுக்குப் புரியும். படிக்காதவர்களுக்குப் புரியாது என்பது படித்தவர்கள் சொல்லிக் கொள்கிற சௌகரியமான பொய். எங்கப்பா கையால் தடவிப் பார்த்தே தோல் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று சொல்வார். அவருக்கு 5.4 சென்டிமீட்டர் புரியாதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

என் அத்தை வீடு பாலாற்றங்கரை ஓர ஊரில் இருக்கிறது. அங்கே கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி, வாயில் வைக்க முடியாத உப்பாகிப் பல வருஷம் ஆகிறது. நம் பக்கத்துத் தோல் கழிவு விவகாரம் 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த் தீர்ப்பு வந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். நான் எட்டாவது படிக்கும்போது லீவுக்கு அங்கே போயிருந்தேன். ஒரு ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். யார், எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். வெள்ளை பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, மேலே நம்பர் ஒட்டி, பெட்டியில் அடுக்கினார்கள். அத்தைதான் வாளியில் சேந்திக் கொடுத்தார். "சார், இதுல இன்னா இருக்குதுன்னு எப்போ சொல்வீங்க?" என்று கேட்டார். "வரும்மா, வரும்" என்றார்கள். டீ போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டுப் போனார்கள். அத்தை இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறார். அந்த நம்பருக்கு எதிரே ஒரு காகிதத்தில் எங்கேயோ ஓர் அளவு எழுதப்பட்டிருக்கும். அது அத்தையின் கிணறு. அளவு மட்டும் அத்தைக்கு இல்லை.

அதனால்தான் ஜோஷிமத் அறிக்கை காணாமல் போனதைப் படித்தபோது எனக்கு அந்த வெள்ளை பாட்டில் ஞாபகம் வந்தது. ஒன்று கிணற்றடியில் பிடித்தது, இன்னொன்று வானத்திலிருந்து பிடித்தது. மற்றபடி வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இனி நிசாருக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. 2,392 கிலோ எடை, 12 மீட்டர் அகலத்துக்குக் குடை மாதிரி விரிகிற ஆன்டெனா. நாசா கொடுத்த எல்-பேண்டு ரேடாரின் அலை நீளம் சுமார் 24 சென்டிமீட்டர். இஸ்ரோ செய்த எஸ்-பேண்டு அலை அதை விடக் குட்டை. நீளமான அலை இலை தழைக்கு நடுவே புகுந்து தரையைத் தொடுவதால் காடு மூடிய எரிமலைகளுக்கும், நம் மலைச்சரிவுகளுக்கும் ரொம்ப உபயோகம். 12 நாளுக்கு ஒரு தடவை அதே இடத்துக்குத் திரும்பி வரும். இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? இதன் தகவல் எல்லோருக்கும் இலவசம் என்று இரண்டு நிறுவனங்களும் அறிவித்திருப்பதுதான். சாதாரணமாக ஒன்றிரண்டு நாளில், பேரிடர் சமயத்தில் சில மணி நேரத்தில் கொடுப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். சென்டினல்-1 படங்கள் 2014-லிருந்தே இலவசம். அந்தப் படங்களைக் கழித்து வளையம் எடுக்கும் 'ஸ்நாப்' என்ற கம்ப்யூட்டர் புரோகிராமும் இலவசம். ஆக, ஓர் அறிக்கையை இணையத்திலிருந்து எடுத்துவிட்டால்கூட, படத்தை யாரும் பூட்டி வைக்க முடியாது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் ஜில்லாவுக்கு ஜில்லா இருந்தால் போதும்.

அந்த நாலு பேர் யார்? ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள்தான் வர வேண்டுமா? 2025 அக்டோபரில் வந்த ஓர் ஆய்வு டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு, கொல்கத்தா ஐந்து நகரங்களிலும் சேர்த்து 878 சதுர கிலோ மீட்டர் நிலம் தாழ்ந்து வருகிறது என்று ரேடாரை வைத்துச் சொன்னது. நிலத்தடி நீரை உறிஞ்சுவது பெரிய காரணமாம். சென்னையை அளந்துவிட்டார்கள். ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடியை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? நம் பாலாற்றங்கரையில் போர் மேல் போர் போட்டு உறிஞ்சுகிறோம். தரை இறங்குகிறது என்று நான் சொல்லவில்லை, அளக்காமல் சொல்லக் கூடாது. பார்க்க வேண்டும் என்கிறேன். இந்த ஊரில் பிறந்து, இந்தத் தரையில் லெவல் எடுத்து, எந்தத் தெருவில் எந்தச் சுவர் விரிசல் விட்டது என்று தெரிந்த சிவில் டிப்ளமோ மாணவன் அந்த வளையப் படத்தையும் படித்தால், வானத்துக் கணக்கும் தரைக் கணக்கும் ஒரே கையில் சேரும்.

ஆகவே நம் சங்கத்தின் மூலமாக ஒரு கோரிக்கை வைக்கலாம் என்பது என் கருத்து. சர்வே பாடத்தில் ரேடார் அளவீட்டுக்கு நாலு வகுப்பாவது ஒதுக்க வேண்டும். லேபில் ஒரே ஒரு நல்ல கம்ப்யூட்டர், இணைய இணைப்பு. முதல் பயிற்சியாக பாரன் தீவையே எடுத்துக் கொள்ளலாம். ஆளில்லாத தீவு, நாம் தப்பாகக் கணக்குப் போட்டாலும் யாரும் பெட்டி படுக்கையைத் தூக்கிக் கொண்டு ஓட மாட்டார்கள்! அதில் கை பழகிய பிறகு நம் ஜில்லாவுக்கு வரலாம். டம்பி லெவலை ஒதுக்கு என்று நான் சொல்லவே இல்லை. ரேடார் சொன்னதைச் சரி பார்க்க அதுதான் வேண்டும். லெவல் எடுத்துக் கொண்டே போய், புறப்பட்ட பெஞ்ச் மார்க்குக்கே திரும்பி வந்து பிழை பார்க்காமல் ஃபீல்டு புக்கை மூடினால் சார் கையெழுத்துப் போட மாட்டார் அல்லவா? ஜனங்கள் தரையை அளந்துவிட்டு அவர்களிடம் திரும்பி வராத ஆபீசருக்கும் அதே சட்டம் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எரிமலை வரைக்கும் தலையாட்டிக் கொண்டு கேட்டார். அத்தை விஷயம் வந்ததும், "அந்த ராக்கெட்டுல அக்கா வூட்டுக் கெணறு தெரியுமா?" என்றார். "தரை ஏறி எறங்கறதுதாம்பா தெரியும். தண்ணில இன்னா கலந்திருக்குதுன்னு தெரியாது" என்றேன். "அப்போ அத நீ பாரு" என்றார்.

அடுத்த மாதம் நாங்கள் மூன்று பேர் அத்தை ஊருக்குப் போகிறோம். லேபில் உப்பும் கடினத்தன்மையும் பார்த்துத் தர சார் ஒப்புக் கொண்டிருக்கிறார். குரோமியம் பார்க்க நம் லேபில் வசதி இல்லை, அதற்கு வேறு இடம் விசாரித்து வருகிறோம். வருகிற அளவு எதுவானாலும், கூடுதலோ குறைச்சலோ, தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, தேதி போட்டு, கிணற்று மேட்டில் ஒட்டிவிட்டுத்தான் வருவோம்.